பெயர் சொல்லி அழைக்கப்படும் மெதட்: தோட்டச் சம்பளக் கணக்கின் வழியாக

2013 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 620 ரூபா. அதில் அடிப்படை 450, வருகை ஊக்கத்தொகை 140, விலைப்பங்குக் கொடுப்பனவு 30. 2016 ஒக்டோபரில் அது 730 ஆனது. அடிப்படை 500, வருகை ஊக்கம் 60, விலைப்பங்கு 30, அவற்றோடு உற்பத்தித்திறன் ஊக்கம் என்று புதிதாக 140. 2019 ஜனவரியில் இரண்டு ஊக்கத்தொகைகளும் ஒருசேர நீங்கின. அடிப்படை 700, விலைப்பங்கு 50, மொத்தம் 750. 2021 மார்ச்சில் பேசியது கூட்டு ஒப்பந்தம் அல்ல, சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானி: 900 ரூபாவும் 100 ரூபா வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவும் சேர்ந்து 1,000. 2024 மே மாதத்தில் 1,700 என்று வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் நின்றது. செப்டெம்பரில் 1,350 என்று இன்னொன்று வந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவும் அதற்கு மேல் அரசாங்கமே தரும் நாளாந்த வருகை ஊக்கம் 200 ரூபாவும் என்று அறிவித்தது.

தொழிற்சங்கக்காரர் இந்த வரலாற்றைப் போராட்டமாக வாசிப்பார். ஊவாவில் பசறையிலோ ஹாலிஎலயிலோ ஒரு தோட்ட அலுவலகத்துக்குச் சம்பள மென்பொருள் எழுத உட்காருபவர் இதை இன்னொரு விதமாகவும் வாசிக்க வேண்டியிருக்கிறது. தொகை மாறினால் கவலை இல்லை. அட்டவணையில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். ஆனால் இங்கே மாறியிருப்பது தொகை மட்டும் அல்ல. சம்பளத்தின் கூறுகளே வருகின்றன, போகின்றன, ஒன்று நடுவில் தடைபடுகிறது, போன இன்னொன்று ஆறேழு வருடங்கள் கழித்து வேறொருவர் பணத்தில் திரும்பி வருகிறது. ஒவ்வொரு கூறும் ஒரு விதி, அதாவது நிரலில் ஒரு மெதட். எந்த மாதத்துக்கு எந்த மெதட்டுகளை அழைக்க வேண்டும் என்பதை நிரலர் எழுதும்போது அறிய முடியாது. அந்தத் தகவல் வெளியிலிருந்து, ஒரு பெயர்ப்பட்டியலாக வருகிறது.

ரிஃப்ளெக்ஷன் உதவிக்கு வரும் இடம் இதுதான். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் சொந்த அமைப்பைத் தானே பார்ப்பது, என்னென்ன கிளாஸ் இருக்கிறது, அதில் என்னென்ன மெதட் இருக்கிறது என்று கேட்பது, கையில் ஸ்ட்ரிங்காக இருக்கும் பெயரைக் கொண்டு அந்த மெதட்டைத் தேடி எடுத்து இயக்குவது ஆகியவற்றுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் அது. தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் காலையில் செக்ரோலைப் (வருகைப் பதிவேட்டைப்) பார்த்துப் பெயர் கூப்பிடுவதைப் போன்ற வேலை: கூப்பிடுபவருக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஏட்டில் பெயர் இருக்க வேண்டும், அந்தப் பெயருக்கு உரியவர் களத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கருத்துக்கு முறையான வடிவம் கொடுத்தவர் பிரையன் கன்ட்வெல் ஸ்மித். அவருடைய ஆய்வேடு 1982 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வெளிவந்தது. அதற்கு முன்பே ஸ்மோல்டோக் மொழியில் மெதட்டின் பெயரைக் கொடுத்து இயக்கும் வசதி இருந்தது. ஜாவாவில் அது 1997 இல், 1.1 பதிப்போடு நுழைந்தது. பைதன், ரூபி, பிஎச்பி, சி ஷார்ப் எல்லாவற்றிலும் இன்று இருக்கிறது. இலங்கையில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவர் பைதனைத் தொட்டிருப்பார் என்பதால், முதலில் பைதனில் பார்ப்போம்.

நிரல் வரிகளைப் பற்றி ஒரு குறிப்பு. மொழியின் கட்டளைச் சொற்கள் இங்கே ஒலிபெயர்ப்பில் அச்சாகின்றன; கணினியில் அவற்றை அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஆனால் கிளாஸ், மெதட், மாறி ஆகியவற்றின் பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம். 2008 டிசம்பரில் வெளியான பைதன் 3 முதல் அது செல்லுபடியாகும். ஜாவாவிலும் செல்லும்.

சம்பளக்கணக்கு என்று ஒரு கிளாஸ். அதற்குள் அடிப்படை, வருகை_ஊக்கம், விலைப்பங்கு, உற்பத்தி_ஊக்கம் என்று மெதட்டுகள். ஒவ்வொன்றும் தொழிலாளியையும் மாதத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு தொகையைத் திருப்பித் தரும். இதை முதன்முதலில் எழுதுபவர், கூறின் பெயர் இதுவென்றால் இந்த மெதட், அதுவென்றால் அந்த மெதட் என்று இஃப் வரிகளை அடுக்கிவிடுவார். நான்கு கூறு இருக்கும்வரை அது தாங்கும். ஆனால் சம்பளச் சிட்டையில் வருமானப் பக்கத்தைவிடக் கழிவுப் பக்கம் நீளமானது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், தொழிற்சங்கச் சந்தா, முற்பணம், தேயிலைத் தூள், கோயில் பணம், மரண சகாய நிதி. இவற்றுள் சட்டப்படி எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவானவை சில. மற்றவை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். தெமோதரைத் தோட்டத்துக்கு எழுதிய இஃப் அடுக்கை ஸ்பிரிங்வெலிக்குக் கொண்டுபோனால் பாதியைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் ஏற்கெனவே சரியாக ஓடிக்கொண்டிருக்கும் கோப்புக்குள் கை வைப்பதாகும்.

ரிஃப்ளெக்ஷனில் அந்த அடுக்கு முழுவதும் இரண்டு வரிக்குள் அடங்குகிறது:

விதி = கெட்ஆட்டர்(கணக்கு, கூறு)
தொகை = விதி(தொழிலாளி, மாதம்)

கணக்கு என்பது சம்பளக்கணக்கு கிளாஸிலிருந்து உருவாக்கிய ஒப்ஜெக்ட். கூறு என்பது அட்டவணையிலிருந்து வந்த ஸ்ட்ரிங். கெட்ஆட்டர் அந்தப் பெயருள்ள மெதட்டைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது, இயக்கவில்லை. இரண்டாவது வரியில்தான் அது ஓடுகிறது. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்தும் எழுதலாம், பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்த நூல் பிரித்து எழுதச் சொல்கிறது. காரணம் அழகு அல்ல.

பெயர் கிடைக்காவிட்டால் பைதன் ஆட்ரிபியூட் எரர் என்ற பிழையை எழுப்பும். தேடலையும் இயக்கத்தையும் ஒரே வரியில் வைத்து, அந்தப் பிழை வந்தால் இந்தக் கூறு இந்தத் தோட்டத்துக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி ஒருவர் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள், மெதட் கிடைத்து ஓடும்போது அதற்குள்ளே இருக்கும் ஒரு வரி, தொழிலாளியின் பதிவில் இல்லாத வேறொரு விபரத்தைத் தேடி அதே ஆட்ரிபியூட் எரரை எழுப்புகிறது. நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். மெதட் இல்லை என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த கூறுக்குப் போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது. சிட்டையில் ஒரு வரி மட்டும் குறையும்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. கெட்ஆட்டருக்கு மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்தால், பெயர் கிடைக்காதபோது பிழை எழுப்பாமல் அதைத் திருப்பித் தரும். பூஜ்ஜியம் தரும் ஒரு செயற்கூறை அங்கே வைத்துவிட்டால் நிரல் ஒருநாளும் நிற்காது. எழுதியவருக்கு நிம்மதி. 2016 ஒப்பந்தத்தின் 140 ரூபா உற்பத்தித்திறன் ஊக்கத்தை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் அந்தப் பெயரின் ஓர் எழுத்து பிசகினால், மாதத்தில் 20 நாள் அந்த ஊக்கத்துக்கு உரியவராக இருந்த ஒருவருக்கு 2,800 ரூபா போகும். அப்படி 300 பேர் உள்ள தோட்டத்தில் ஒரே மாதத்தில் 840,000 ரூபா. கணினியில் ஒரு சிவப்பு எழுத்துக்கூட வராமல் இது நடந்துவிடும். சம்பளக் கணக்கில் காணாமற்போன பெயருக்குப் பூஜ்ஜியம் பதில் ஆகக் கூடாது. நிரல் அந்த இடத்திலேயே நின்று, எந்தத் தோட்டம், எந்த மாதம், எந்தப் பெயர் என்று சொல்ல வேண்டும். அலுவலகம் எரிச்சல்படும். படட்டும், 10 ஆம் திகதி கொடுப்பனவுக்கு முன் அலுவலகத்தில் ஒருவர் எரிச்சல்படுவது, கொடுப்பனவுக்குப் பின் லயத்தில் 300 குடும்பங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல்.

எழுத்துப் பிசகு என்பது தமிழில் கண்ணுக்குத் தெரியாமலும் நடக்கும். இந்த அத்தியாயத்தில் மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி இது.

கொழுந்து_நிறுவை என்று ஒரு மெதட். முதல் எழுத்தான 'கொ'வை யுனிகோட்டில் இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறியீடாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பைதன், நிரலுக்குள் வரும் பெயர்களைத் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆனால் கெட்ஆட்டருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரிங்கை அது தொடுவதில்லை. ஆகவே அட்டவணையைத் தட்டியவருடைய விசைப்பலகை கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்திருந்தால், கண்ணெதிரே இருக்கும் மெதட்டை இல்லை என்று பைதன் சொல்லும். நிரலர் இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணிக்கணக்காகப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. மருந்து எளிது: வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெயரையும் தேடுவதற்கு முன், பைதனோடு வரும் யுனிகோட்டேட்டா தொகுதியின் நோர்மலைஸ் செயற்கூறு வழியாக, என்எஃப்கேசி என்ற வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஜாவாவில் நிலைமை இன்னும் கடுமை. அது நிரலுக்குள் இருக்கும் பெயர்களைக்கூட ஒன்றாக்காது. இரு விதமாகத் தட்டிய கொழுந்து அதற்கு இரண்டு வெவ்வேறு மெதட். ஆகவே அங்கே மூலக் கோப்பையும் ஒருமுறை அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்து வைப்பது பாதுகாப்பு.

அடுத்தது பாமினி. இலங்கையில் தமிழில் தட்டச்சு பழகிய ஒரு தலைமுறையே அந்த எழுத்துருவில்தான் பழகியது, பழைய எக்செல் கோப்புகள் பலவும் அதில் இருக்கின்றன. பாமினியில் தட்டிய சொல் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும். எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்துவிடும். அத்தகைய கோப்பிலிருந்து கூறுகளின் பெயரை நேரே எடுத்தால் ஒன்றுகூடக் கிடைக்காது. முதலில் யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின், அந்தப் பழக்கத்தில் வந்த கோளாறுகளையும் தேட வேண்டும்: கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம், ஔகாரத்தின் வாலுக்குப் பதில் ளகரம். இவற்றை எந்த நோர்மலைஸும் சரிசெய்யாது, கண்தான் பார்க்க வேண்டும். பெயரின் முன்பின்னே ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியையும் வெட்டிவிட வேண்டும். எக்செல்லில் அது இல்லாத நாள் இல்லை.

ஜாவாவில் பாதை சற்று நீளம். ஒப்ஜெக்டிடம் கெட்கிளாஸ் கேட்டு அதன் கிளாஸை எடுக்க வேண்டும். அந்தக் கிளாஸிடம் கெட்மெதட் என்று, பெயரையும் அந்த மெதட் வாங்கும் உள்ளீடுகளின் வகைகளையும் கொடுத்துக் கேட்க வேண்டும். கிடைத்த மெதட் ஒப்ஜெக்டில் இன்வோக் என்றால் ஓடும். வகைகளைக் கொடுப்பதில் தொடக்கக்காரர் தடுக்கிவிழுவது பெரும்பாலும் ஒரே கல்லில்: மெதட் சாதாரண இன்ட் வாங்குகிறது, தேடலில் இன்டிஜர் என்ற கிளாஸைக் கொடுத்திருக்கிறார். நேரடியாக அழைக்கும்போது ஜாவா இரண்டையும் தானாக மாற்றிக்கொள்ளும். கெட்மெதட் மாற்றாது, இல்லை என்று சொல்லிவிடும். இரண்டாவது தடுக்கல் பிழைச்செய்தியில். அழைக்கப்பட்ட மெதட்டுக்குள் என்ன பிழை வந்தாலும் ஜாவா அதை இன்வொகேஷன் டார்கெட் எக்செப்ஷன் என்ற உறைக்குள் வைத்துத்தான் தரும். உறையைப் பிரித்து, கெட்கோஸ் கேட்டு, உள்ளே இருக்கும் உண்மையான பிழையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பைதனில் தேடலும் இயக்கமும் குழம்பும் சிக்கல் ஜாவாவில் இந்த உறையால் இல்லாமற் போகிறது. அந்த விதத்தில் இந்த நீளப் பாதை நல்லது.

தமிழ்ப் பெயர்களோடு ஜாவாவில் எழுதுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 இல் வந்த ஜேடிகே 18 முதல்தான் யுடிஎஃப் 8 இயல்புநிலை ஆனது. அதற்கு முந்திய பதிப்பு உள்ள விண்டோஸ் கணினியில் கம்பைல் செய்யும்போது என்கோடிங்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் குப்பையாகி, கம்பைலரே நின்றுவிடும்.

பெயரைக் கொண்டு இயக்கும் இந்த உத்தி இலங்கை மென்பொருள் வரலாற்றுக்குப் புதிது அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சூழ்ந்த தன்னார்வலர்கள் சில வாரங்களில் எழுதி நிறுத்திய பேரிடர் முகாமை மென்பொருள் சஹானா. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவிப் பொருள் பதிவு எனத் தனித்தனித் தொகுதிகள். பலர் ஒரே நேரத்தில் எழுதினார்கள். பிஎச்பியில் எழுதப்பட்ட சஹானாவின் முன்வாசல் கோப்பு, இணைய முகவரியில் வந்த தொகுதியின் பெயரையும் செயலின் பெயரையும் ஒட்டி ஒரு செயற்கூறின் பெயரை உருவாக்கி, அப்படி ஒன்று உண்டா என்று முதலில் பார்த்து, இருந்தால் இயக்கியது; இல்லாவிட்டால் அந்தத் தொகுதியின் இயல்பான பக்கத்துக்குப் போனது. புதிய தொகுதி எழுதுபவர் பெயரிடும் மரபைப் பின்பற்றினால் போதும். நடுவில் இருக்கும் கோப்பைத் தொடத் தேவையில்லை.

அதே 2004 இல் கொழும்பில் கூடித் திட்டமிடப்பட்டு, இலங்கையர் பலரின் கைவண்ணத்தில் வளர்ந்தது அப்பாச்சி எக்ஸிஸ் 2. ஜாவா கிளாஸ் ஒன்றை எழுதி வைத்தால் அதன் பொது மெதட்டுகளை அது வலைச் சேவையாக வெளியே கொடுக்கும். வந்து சேரும் செய்தியில் உள்ள செயலின் பெயரைப் பார்த்து, ரிஃப்ளெக்ஷன் மூலம் மெதட்டைத் தேடி இயக்குவதற்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. வெளியே தெரியக் கூடாத மெதட்டுகளை விலக்குவதற்கும் அதன் அமைப்புக் கோப்பில் இடம் வைத்தார்கள். இந்த இரண்டாவது விபரம் முக்கியமானது.

ஏனென்றால், வெளியிலிருந்து வரும் பெயரை நம்பி மெதட்டை இயக்குவது வாசலைத் திறந்து வைப்பதுதான். 2017 இல் அமெரிக்காவின் ஈக்விஃபக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் திருடப்பட்டதற்கு அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் இருந்த ஓட்டை வழிவிட்டது. இணையக் கோரிக்கையின் தலைப்பகுதியில் வந்த எழுத்துகளை அந்த மென்பொருள் ஒரு கோவையாக எடுத்துக்கொண்டு கணித்தது. அந்தக் கோவையோ ஜாவா மெதட்டுகளை அழைக்க வல்லது. தோட்ட அலுவலக மென்பொருளை யார் தாக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். தாக்குபவர் வெளியாளாக இருக்க வேண்டியதில்லை. சம்பளக்கணக்கு கிளாஸில் மாதத்தை_அழி என்று ஒரு மெதட் இருந்து, கூறுகளின் அட்டவணையில் எவரோ அந்தப் பெயரை எழுதிவிட்டால், கெட்ஆட்டர் அதையும் அதே பணிவோடு எடுத்துக் கொடுக்கும்.

ஆகவே அழைக்கப்படக்கூடிய பெயர்கள் எவை என்ற பட்டியல் நிரலுக்குள் இருக்க வேண்டும். அதை மேலும் ஓர் இடத்தில் கையால் எழுதி வைத்தால் பராமரிப்பு இரட்டிப்பாகும். பைதனில் நல்ல வழி டெக்கரேட்டர். மெதட்டின் தலைக்கு மேலே ஒரு வரி:

@சம்பளவிதி

அந்த வரி உள்ள மெதட்டுகள் மட்டும் ஓர் அகராதியில் பதிவாகின்றன. தேடல் அந்த அகராதிக்குள் மட்டும் நடக்கிறது. ஜாவாவில் அதே வேலையை அனொட்டேஷன் செய்யும். ஜாவா நிரல்களைச் சோதிக்கும் ஜேயூனிட் இந்தப் பாதையில்தான் வந்தது. அதன் 3 ஆம் பதிப்பு, பெயர் டெஸ்ட் என்று தொடங்கும் மெதட்டுகளையெல்லாம் தேடி ஓட்டியது. பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் சோதனை சத்தமின்றி விடுபடும். 2006 இல் வந்த 4 ஆம் பதிப்பு அனொட்டேஷன் உள்ளவற்றை எடுத்துக்கொண்டது. தன்னை அழைக்கலாம் என்று மெதட்டே சொல்லும் இந்த முறைக்குத்தான் இந்த நூலின் வாக்கு.

அப்படியானால் அகராதி போதுமே, ரிஃப்ளெக்ஷன் எதற்கு என்று கூர்மையான மாணவர் கேட்பார். கேள்வி நியாயம். நான்கு பெயர், நிரலும் அட்டவணையும் ஒரே கையில் என்றால் அகராதியே போதும், அதுவே தெளிவானதும்கூட. கெட்ஆட்டர் தெரிந்துவிட்டது என்பதற்காக அதை எங்கும் போடுபவரின் நிரலை ஆறு மாதம் கழித்து அவராலேயே பின்தொடர முடியாது. எந்த மெதட்டை யார் அழைக்கிறார் என்று எடிட்டர் தேடித் தராது. பெயரை மாற்றினால் ஸ்ட்ரிங்கில் இருக்கும் பெயர் மாறாது. பயன்படாத மெதட் என்று எச்சரிக்கையைப் பார்த்து இன்னொருவர் அதை நீக்கியும் விடுவார். வேகத்தைப் பற்றிய பயம் மட்டும் இங்கே வேண்டாம். ஒரு தோட்டத்தின் மாதச் சம்பளத்துக்கு அது பொருட்டே அல்ல.

ரிஃப்ளெக்ஷனின் உண்மையான பயன், பதிவான மெதட்டைக் கேள்வி கேட்பதில் இருக்கிறது. நிரல் தொடங்கும் கணத்திலேயே, முதல் தொழிலாளியின் கணக்கைத் தொடுவதற்கு முன், அட்டவணையில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். கிடைத்தது அழைக்கத்தக்கதா என்று கோலபிள் மூலம் பார்க்க வேண்டும். பெயர் ஒரு சாதாரண மாறியைக் குறித்துவிடலாம். அது தொழிலாளி, மாதம் என்ற இரண்டையும்தான் வாங்குகிறதா என்று இன்ஸ்பெக்ட் தொகுதியின் சிக்னேச்சர் வழியாகப் பார்க்க வேண்டும். தவறிய பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அறிக்கையாகக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். முதல் பிழையோடு நின்றால் அலுவலகத்தில் இருப்பவர் ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி ஓட்டிக்கொண்டிருப்பார்.

இனி, பெயரிடுவது. 2016 இன் வருகை ஊக்கமும் 2026 க்கு அறிவித்த வருகை ஊக்கமும் பெயரில் ஒன்று, விதியில் வேறு. முன்னது கம்பெனியின் பணம், பின்னது அரசாங்கத்தின் பணம். பழைய மெதட்டுக்குள் புதிய விதியை எழுதிவிட்டால், பழைய மாதம் ஒன்றுக்கு நிலுவை போடும் நாளில் கணக்குத் தவறும். வருகை_ஊக்கம்_2016, வருகை_ஊக்கம்_2026 என்று இரண்டாக வைக்க வேண்டும். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் கூறின் பெயரோடு, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, யார் செலுத்துவது, நடைமுறையில் இருக்கிறதா என்ற நான்கு விபரமும் வேண்டும். 2024 இல் நடந்தது போல வர்த்தமானி ஒன்று வந்து நீதிமன்றத்தில் தடைபட்டால், நிரலில் எதையும் அழிக்காமல் அந்தக் கடைசி விபரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பெயர் சரி, மெதட்டும் கிடைத்தது. உள்ளே விதி சரியா என்பது தனிச் சோதனை. 2013 ஒப்பந்தத்தின் 140 ரூபா, வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தவருக்கே உரியது. 25 நாள் வேலை கொடுத்த மாதத்தில் 18 நாள் வந்தவருக்கு 72 வீதம். அவருக்கு 480 ரூபாப்படி 8,640. 19 நாள் வந்தவருக்கு 76 வீதம். 620 ரூபாப்படி 11,780. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வருகைக்கு, 3,140 ரூபா வித்தியாசம். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசி, கொழுந்து குறைந்து, வேலை கொடுத்த நாளும் குறையும் மாதங்களில் இந்தப் பின்னத்தின் கீழ் எண்ணே மாறும். 24 நாளில் 18 நாள் வந்தவர் சரியாக 75 வீதத்தில் நிற்கிறார். நிரலில் 'விடப் பெரிது' என்ற குறி மட்டும் இருந்து 'சமம்' விடுபட்டால் அவருக்கு 2,520 ரூபா போய்விடும். தசமத்தில் வகுக்காமல், வந்த நாளை 4 ஆல் பெருக்கி, கொடுத்த நாளை 3 ஆல் பெருக்கி ஒப்பிடுவது திடமானது: 72 க்கு 72. அரைப்பேர் போட்ட நாளை வருகையாக எடுப்பதா, ஞாயிற்றுக்கிழமை நாட்சம்பளத்துக்கு வெளியே கைக்காசுக்குப் பறித்த நாளை எடுப்பதா என்பவற்றை நிரலர் தானாக முடிவுசெய்யக் கூடாது. ஒப்பந்தத்தை வாசித்து, தலைமை இலிகிதரிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் கேட்டு, அந்தப் பதிலை மெதட்டின் தொடக்கத்திலேயே விளக்க வரியாக எழுதி வைக்க வேண்டும்.

அந்த விளக்க வரி வீணாகக் கிடக்க வேண்டியதில்லை. பைதனில் மெதட்டின் முதல் வரியாக எழுதும் விளக்கத்தை டொக் என்ற பண்பின் மூலம் நிரலே வாசிக்க முடியும், இதுவும் ரிஃப்ளெக்ஷன்தான். தொகையைக் கணித்த அதே மெதட்டிடமிருந்து விளக்கத்தையும் எடுத்து, அதில் அந்தத் தொழிலாளியின் எண்களை நிரப்பி, சம்பளச் சிட்டையில் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் அச்சிடலாம். "வருகை ஊக்கம்: வேலை கொடுத்த 24 நாளில் 18 நாள், 75 வீதம் நிறைவு, 140 ரூபாப்படி 2,520" என்று இருந்தால், சிட்டையை வாங்குபவர் தன் நாட்களைத் தானே எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். விதி மாறி மெதட் மாறும்போது விளக்கமும் அதே இடத்தில் இருப்பதால் இரண்டையும் ஒருங்கே திருத்துவது எளிது. அலுவலக உத்தியோகத்தர் பலர் சிங்களத்தில் வேலை செய்வதால் டொக்கில் தமிழை மட்டும் வைத்துவிட்டு, சிங்கள விளக்கத்தை @சம்பளவிதி வரியிலேயே உள்ளீடாகக் கொடுத்து, மெதட்டோடு ஒரு பண்பாகச் சேர்த்து வைக்கலாம். தொடக்கச் சோதனை ஓடும்போது, இரண்டு மொழியிலும் விளக்கம் இல்லாத மெதட்டையும் பிழைப் பட்டியலில் சேர்க்கும்படி எழுதிவிட வேண்டும்.